ஜமைக்காப் பாட்டும் நாலாம் நம்பர் பிரஸ்ஸும்

எங்கள் பக்கத்தில் ஒரு மனுஷனிடம் பாட்டு எப்படி என்று கேட்டால், நல்லாருக்கு என்பான், இல்லையென்றால் நல்லால்ல என்பான், டீயைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். இதற்கு ஒரு மன்றம் வேண்டும், மன்றத்துக்குக் குளிர்சாதன அறை வேண்டும், பெங்களூரிலிருந்து ஒரு ஆலோசகர் காரில் வந்து இறங்க வேண்டும் என்றெல்லாம் கண்டுபிடித்தது ஓசூர் சிப்காட்டில் இருக்கும் எங்கள் கம்பெனிதான். நான் அங்கே பிரஸ் லைனின் கடைசியில் உட்கார்ந்து, வருகிற உதிரிபாகத்தை அளந்து பார்க்கிறவன். பெயர் முனிராஜ். எதையும் அளந்துதான் பேசுவேன் என்று என் பெண்டாட்டி சொல்வாள். இந்த விஷயத்தில் மட்டும் என்னால் முடியவில்லை.

எல்லாம் வெளிநாட்டிலிருந்து கம்பெனியின் பெரிய தலைவர் வந்துபோனதில் ஆரம்பித்தது. கேன்டீனில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டே அவர், தன் இளவயதில் வந்த ஒரு ஜமைக்கா ஆல்பத்தைப் பற்றிச் சொன்னார். ரெகே என்று அந்த இசைக்குப் பெயராம். அது பிறந்த புதிதில் வந்த ஆல்பமாம். அதைக் கேட்டுத்தான் தனக்குத் தொழிலாளர்களின் வலி புரிந்தது என்று கண் கலங்கச் சொன்னார். உங்கள் ஆட்கள் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை, அடுத்த முறை வரும்போது சொல்லுங்கள் என்றார். அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். எங்கள் ஹெச்.ஆர். மேலாளர் அசோக்குமார் அதை ஆர்டராக எடுத்துக்கொண்டார்.

அந்த மாதமே ‘கேட்போர் மன்றம்’ திறக்கப்பட்டது. கண்ணாடி அறை, மெத்தை நாற்காலி, மைக், மைக் வேலை செய்கிறது என்று காட்ட ஒரு சிவப்பு விளக்கு. பிரஸ் ஷாப்பின் கூரை முழுக்க ஸ்பீக்கர்கள் தொங்கின. ஷிஃப்ட் முழுக்க அந்த ஆல்பம் ஓடும். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். மாதம் ஒரு தடவை ஒவ்வொருவரும் மன்றத்துக்குப் போய்க் கருத்துச் சொல்ல வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களைப் பர்மனென்ட் பண்ணும்போது இந்தக் கருத்தும் பார்க்கப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். அதோடு ஊரே ஜமைக்கா ரசிகர் ஆகிவிட்டது.

திறப்பு விழாவில் அசோக்குமார் பேசினார். “நம்ம கம்பெனில யாருக்கு வேணும்னாலும் எந்தக் கருத்து வேணும்னாலும் இருக்கலாம். அந்த சுதந்திரத்தை யாரும் தவறா பயன்படுத்தக்கூடாதுங்கிறதுக்காக, மூணு கருத்தை நாங்களே ரெடி பண்ணி வெச்சிருக்கோம்” என்றார். பிடித்திருக்கிறது. மிகவும் பிடித்திருக்கிறது. வாழ்க்கையே மாறிவிட்டது. இதுதான் அந்த மூன்று. நாங்கள் கை தட்டினோம்.

முதல் மாதம் ஜனங்களுக்கு விவரம் தெரியாமல் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டார்கள். வெல்டர் கங்கப்பன், “சார், அத்திப்பள்ளிலேர்ந்து நான் தினம் வர்ற பஸ்ஸு டிரைவரு இப்பிடித்தான் பிரேக் அடிப்பாரு. போலாமா வாணாமான்னு பாட்டே ரோசனை பண்ணிக்கினு நிக்குது. ஆனா சென்னாகிதே, நல்லாத்தான்கீது” என்றான். பேக்கிங்கில் இருக்கிற மாதேஸ்வரி, “பாடறவருக்கு ஒடம்புக்கு என்னமோ முடியல போலக்கீது. பாவம், நல்ல மனுசன். யாராச்சும் கஞ்சி வெச்சிக் குடுங்க” என்றாள். எனக்கு அந்தக் கட்டைக்குரல் கிதாரின் ‘தும் தும்’ வயிற்றில் இறங்கியது பிடித்திருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தமிழில் இருந்தால் தேவலை என்று சொல்லி வைத்தேன். இதெல்லாம் கருத்தே அல்ல, வெறும் பேச்சு என்று எங்கள் மூவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி போய் மிகவும் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தோம்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸில் வேலை பார்த்த கௌஸ் மொய்தீனுக்கு மட்டும்தான் அப்படிச் சொல்லிவிட்டு வர முடியவில்லை. எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். பல வருஷமாக கான்ட்ராக்ட். சாது. அவருடைய சங்கடம் புரிய வேண்டுமானால் அந்த மெசினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பிரஸ் என்றால் மேலிருந்து ஒரு இரும்பு இறங்கி, கீழே வைத்த தகட்டை ஒரே அடியில் வளைக்கும் யந்திரம். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அடிக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது அடித்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். அப்படி வேலை செய்தால் டார்கெட்டில் பாதிகூட வராது. அதனால் ஒரு பட்டனில் கட்டையைச் செருகி நிரந்தரமாக அழுத்தி வைத்துவிடுவார்கள். ஒரு கை பட்டனில், இன்னொரு கை உள்ளே. சூப்பர்வைசருக்குத் தெரியும், மேலே எல்லோருக்கும் தெரியும், கட்டை சீவித் தருவதே கம்பெனி தச்சர்தான். சில நேரம் க்ளட்ச் சரியாக விடாமல், மெசின் யாரையும் கேட்காமல் இன்னொரு அடி அடிக்கும். அதற்கு முன்னால் ‘உஸ்’ என்று காற்று விடுகிற சின்னச் சத்தம் வரும். அதைக் கேட்டதும் கையை வெளியே இழுத்துக்கொள்ள வேண்டும். பிரஸ் ஷாப்பில் விரலோடு வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் போகிறார்கள்.

ஜமைக்கா வந்த பிறகு அந்த ‘உஸ்’ கேட்கவில்லை.

பாய் மன்றத்துக்குப் போனபோது அடுத்த ஆளாக நான் வாசலில் நின்றிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

“பாட்டு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல சார்” என்றார் பாய். “கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா மெசினு மேல ஏறிப் பாடுது. உஸ்ஸுங்கிறது காதுல வுழ மாட்டேங்குது. கொஞ்சம் சத்தத்தைக் கொறைச்சா கை பொழைக்கும்.”

“கௌஸ், நீங்க மெசினைக் கேக்க வந்தீங்களா, பாட்டைக் கேக்க வந்தீங்களா?” என்றார் அசோக்குமார்.

“வேலைக்கு வந்தேன் சார்.”

“பாருங்க, இதான் பிரச்சனை. அப்புறம் இன்னொண்ணு. ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா கைக்கு எப்படி ஆபத்து வரும்?”

“ஒண்ணுல கட்டை வெச்சிக்கீதே சார்.”

“நம்ம கம்பெனில கட்டையே கிடையாது கௌஸ். ஆடிட்லயே சொல்லியிருக்கோம். இல்லாத கட்டையால வர்ற ஆபத்துக்காக, இருக்கற பாட்டை எப்படிக் கொறைக்க முடியும்?”

பாய் தன் கையைப் பார்த்துக்கொண்டார். பிறகு சலாம் வைத்துவிட்டு வெளியே வந்தார். ‘ரசனைப் பயிற்சி தேவை’ என்று அவர் பெயருக்கு நேரே போட்டுக்கொண்டார்கள்.

இதற்கு நடுவில் பாதுகாப்புத் துறை விழித்துக்கொண்டது. இரைச்சலால் காது கெட்டுவிடும், அதனால் எல்லோரும் காதில் அடைப்பான் வைத்தே தீர வேண்டும் என்றார்கள். அடைப்பான் வைத்தால் பாட்டு எப்படிக் கேட்கும் என்று ஹெச்.ஆர். கோபித்துக்கொண்டது. இரண்டு துறைக்காரர்களும் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதை அசோக்குமாரே வந்து எங்களுக்குச் சொன்னார். “பாதுகாப்பும் முக்கியம், ரசனையும் முக்கியம். ரெண்டுல எதையும் நாம விட்டுக்குடுக்கல. அடைப்பானும் வெப்பீங்க, பாட்டும் கேப்பீங்க. சத்தத்தை மட்டும் ரெண்டு மடங்கு கூட்டியிருக்கோம்.”

ரசனைப் பயிற்சிக்கு பெங்களூரிலிருந்து ஸ்வாதி மேடம் வந்தார். கொழுகொழுவென்று நல்ல முகம். யாரையும் திட்டத் தெரியாது, யார் சொல்வதும் காதில் ஏறாது. பாட்டைப் போட்டு, தாளம் விழும் இடத்தில் தட்டாதீர்கள், அதற்கு அடுத்த இடத்தில் தட்டுங்கள் என்றார். அதுதான் இந்த இசையின் உயிராம். நாங்கள் தப்பும் தவறுமாகத் தட்டினோம். பாய் மட்டும் ஒவ்வொரு தடவையும், மேலிருந்து இரும்பு இறங்கும் கணக்கில் தட்டினார். தட்டிய கையைச் சடாரென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“ஏன் கையை இழுக்கறீங்க கௌஸ்? ரிலாக்ஸ்! இசையை நம்புங்க. கையை அப்படியே விட்டுடுங்க” என்றார் ஸ்வாதி மேடம்.

“விட்டா போயிடும் மேடம்” என்றார் பாய். மேடம் சிரித்தார். நகைச்சுவை உணர்வு உண்டு, தாளம் போதாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் பயிற்சியில் ஒரு நல்லது நடந்தது. பாட்டுக்கு அர்த்தம் சொன்னார்கள். ‘வேலை தேடி ஊருக்கு வந்தேன், ஊர் என் செருப்பைத் தின்றது. முதலாளி வீட்டு நாய்க்கு என் பெயர் தெரியும், முதலாளிக்குத் தெரியாது’ என்று அந்த ஆள் பாடுகிறானாம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸில் இருக்கிற ராசாத்தி, “அய்யோ, இவன் நம்ம சிங்காரப்பேட்டைக்காரனாட்டம் இருக்கானே!” என்று வாய்விட்டுச் சொன்னாள். அது அவள் ஊர். அன்று கம்பெனி பஸ்ஸில் பாய் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். “நல்ல பாட்டு முனிராஜு. இதைப் போய் எனக்கு எமனாக்கி வெச்சிருக்கானுங்களே” என்றார். மறுநாளே அசோக்குமார் அறிவிப்பு மாட்டினார். இனிமேல் பாட்டின் அர்த்தம் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது. ஓசை பற்றி மட்டும் சொல்லலாம், அதிலும் சத்தத்தைப் பற்றிச் சொல்லக் கூடாது.

பெரிய தலைவர் வருகிற தேதி நெருங்கியது. ஒத்திகை நடந்தது. மேலிருந்து யாரோ வந்து, தலைவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சத்தத்தை இன்னும் கூட்டினார்கள். அவர் வருகிற நாளில் லைனை நிறுத்திவைப்பதை ஈடுகட்ட டார்கெட்டையும் கூட்டினார்கள். பாய் தன் பங்குக்கு அடைப்பானைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருபக்கமாகத் தலையைச் சாய்த்து, காதை மெசினிடம் கொடுத்து வேலை செய்தார். அதற்காக அவருக்கு மெமோ வந்தது. அடைப்பானை மறுபடி மாட்டிக்கொண்டார்.

அது நடந்தபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் தகட்டை எடுக்க வலது கையை உள்ளே விட்டார். நாலாம் நம்பர் உஸ்ஸென்றதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இரும்பு இறங்கி ஏறிவிட்டது. பாய் கத்தவில்லை. கத்தினாரோ என்னவோ, கேட்கவில்லை. கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டை நனைந்தது. மூன்று விரல்கள் அவரோடு வரவில்லை.

ராசாத்தி ஓடிவந்து தன் துப்பட்டாவால் கட்டினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினோம். அந்தப் பக்கம் சொல்வது கேட்கவில்லை. “பாட்டை நிறுத்துங்களேன்டா பாவிங்களா!” என்று அவள் அலறினாள். சுவிட்ச் மன்றத்துக்குள் இருந்தது. மன்றம் பூட்டியிருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு அசோக்குமார் தலைவரை வரவேற்கும் பூமாலை பார்க்க பாகலூர் போயிருந்தார். ஒயரைப் பிடுங்கட்டுமா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன். “ஹெச்.ஆர். சொத்துய்யா, நான் எப்பிடிக் கை வெக்கிறது?” என்று அந்த ஆள் அழுதே விட்டான். நாங்கள் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும்வரை, ஊர் செருப்பைத் தின்றதை அந்த மனுஷன் பாடிக்கொண்டே இருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஜமைக்காவையே தரைமட்டமாக்கியிருப்பேன். பாடினவன் என்ன செய்வான், பாவம்.

சாயங்காலத்துக்குள் எல்லா பிரஸ்ஸிலிருந்தும் கட்டைகள் காணாமல் போயின. தொழிற்சாலை ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறு ஷிஃப்டில் கட்டைகள் திரும்பி வந்தன, புதிதாகச் சீவியவை.

ஆஸ்பத்திரியில் பாயின் பக்கத்தில் அவர் மனைவி தாஹிரா உட்கார்ந்திருந்தார். நானும் இருந்தேன். அசோக்குமார் ஆப்பிள் பையோடும் ஸ்வாதி மேடத்தோடும் வந்தார். நலம் விசாரித்தார். பிறகு செல்போனை எடுத்து ரெக்கார்டிங்கைப் போட்டு, பாயின் வாய்க்கருகே நீட்டினார்.

“என்ன சார் இது?” என்றார் தாஹிரா.

“இந்த மாசம் அவர் இன்னும் கருத்துச் சொல்லலம்மா.”

தாஹிரா எழுந்துவிட்டார். “கை போன மனுசங்கிட்ட பாட்டு எப்பிடி இருந்துச்சுன்னு கேக்கறீங்களே, நீங்கள்லாம் சோத்தைத்தான் திங்கறீங்களா? இந்தக் கையாலதானே சார் புள்ளைக்கு ஊட்டுவாரு. நாளைக்கு நாஸியா கேட்டா நான் என்ன சொல்லட்டும்? பாட்டு நல்லாருந்துச்சுன்னு சொல்லட்டுமா?”

ஸ்வாதி மேடத்துக்குக் கண் கலங்கியது. “எவ்ளோ ஆழமான உணர்ச்சி!” என்றார்.

அசோக்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலில் நிஜமாகவே கனிவு இருந்தது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். “கௌஸ், நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். கவனமில்லாம இருந்துட்டேன்னு சொன்னீங்கன்னா வேலை போயிடும். மெசின் சரியில்லைன்னு சொன்னீங்கன்னா கேஸு, வாய்தான்னு நடந்தே காலும் போயிடும். பாட்டுல மெய்மறந்து போயிட்டேன்னு சொல்லுங்க. அது உங்க தப்பும் இல்ல, எங்க தப்பும் இல்ல. அது ரசனை. ரசனைக்கு யாரு மேல கேஸ் போடுவாங்க?”

பாய் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தபடியே, “பர்மனென்ட் பண்ணுவீங்களா சார்?” என்று கேட்டார்.

“மன்றத்துலயே போடறோம். உக்காந்து பாக்கற வேலை.”

“அல்லா மேல ஆணை, பொய் சொல்லாதீங்க” என்று தாஹிரா பாயின் தோளைப் பிடித்தார். பாய் இடது கையால் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். போனைப் பார்த்து, “பாட்டுல மெய்மறந்து போயிட்டேன்” என்றார். சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னார். தாஹிரா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலைவர் வந்தார். லைன் நின்றிருந்தது, ஸ்பீக்கர் பாடியது. பாயின் கருத்தை மேடையில் போட்டுக் காட்டினார்கள், ஸ்வாதி மேடம் மொழிபெயர்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இந்த ஆல்பத்தை நான் என் வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு ஒன்றும் ஆனதில்லை. இந்த மனிதரைப் பார்த்த பிறகுதான், நான் இன்னும் முழுமையாகக் கேட்கவில்லை என்று புரிகிறது” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. எங்கள் கிளைதான் உலகத்திலேயே அதிகம் ரசிக்கும் கிளை என்று அறிவித்து, அந்த ஆல்பத்தின் பழைய இசைத்தட்டு ஒன்றை பாய்க்குப் பரிசாக நீட்டினார்.

பாயின் வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கையை நீட்டினார். அசோக்குமார் பதறிப்போய் அவர் காதருகே குனிந்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. “கௌஸ், இடது கையால வாங்காதீங்க, மரியாதை இல்ல.”

பாய் கட்டுப்போட்ட கையை நீட்டினார். இசைத்தட்டை அதன்மேல் வைத்தார்கள். வலியில் அவர் முகம் கோணியது. அதை ஆனந்தம் என்று போட்டோ எடுத்து கேட் பக்கம் பெரிதாக மாட்டியிருக்கிறார்கள், வந்தால் பார்க்கலாம்.

இப்போது பாய் பர்மனென்ட். நீலச் சட்டை. காலையில் மன்றத்தைத் திறந்து பாட்டைப் போட வேண்டும், மாதாமாதம் எங்கள் கருத்தைப் பதிய வேண்டும். சத்தத்தின் குமிழைத் திருப்ப அவருக்கு அனுமதி இல்லை, அதை அசோக்குமார் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாட்டைப் போட்டதும் பாய் கதவைச் சாத்திக்கொள்வார். கண்ணாடி அறைக்குள் அது கேட்காது.

போன மாதம் ராசாத்தி கருத்துச் சொல்லப் போனாள். அவளை நாலாம் நம்பருக்கு மாற்றியிருந்தார்கள். அவளும் கான்ட்ராக்ட்தான், அவளும் பர்மனென்டுக்குக் காத்திருக்கிறவள்தான். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

“பாய், அந்த உஸ்ஸு சத்தம்...” என்று ஆரம்பித்தாள்.

பாய் சட்டென்று மைக்கை அணைத்தார். “ராசாத்தி, நான் சொல்றதைக் கேளும்மா. அந்தக் கட்டையைப் புடுங்கி எறி. ரெண்டு கையாலயும் அமுக்கு. டார்கெட் போனா மயிரே போச்சுன்னு வுடு.”

“கட்டையை எடுத்தா மறுநாளே என்னை எடுத்துடுவாங்க பாய். வூட்டுல வேற யாரு சம்பாரிக்கிறா?”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாலாம் நம்பர் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. சூப்பர்வைசர் கையைத் தூக்கி, சீக்கிரம் வா என்று ராசாத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“மைக்கைப் போடுங்க பாய்” என்றாள் அவள்.

பாய், மிச்சமிருந்த விரலால் பட்டனை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மன்றத்து ஆள் கேட்க வேண்டிய முறைப்படி, அவள் முகத்தைப் பார்க்காமல், “பாட்டு எப்படி இருக்கும்மா?” என்று கேட்டார்.

ராசாத்தி அவர் கையைப் பார்த்தாள்.

“ரொம்ப நல்லாருக்குதுங்க” என்றாள்.